ஆகஸ்ட் பதினேழாம் தேதி பீன்ஸ்

வாசலில் கால் வைத்ததும் ராபி கட்டிப்பிடித்தாள். அந்தக் குடும்பத்தில் கட்டிப்பிடிக்காமல் யாரும் யாரையும் வீட்டுக்குள் விடுவதில்லை, அது சரி. ஆனால் ஜெனெலைக் கட்டிப்பிடிக்கும்போது மட்டும் எல்லோரும் ஒரு மூச்சு கூடுதலாக எடுத்துக்கொள்வார்கள். மூக்கு அவள் கழுத்தருகே வந்து நிற்கும், உள்ளே இழுக்கும், பிறகுதான் கை தளரும். அக்கா ராபி, அக்கா புருஷன் டுவைட், பெற்ற அப்பா ஆர்லன், ஒருத்தர் பாக்கியில்லை. ஜெனெலுக்கு அது தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். என்ன செய்வது? மூன்று வருஷம் வாயைத் திறந்தாலே வோட்கா வாடை அடித்தவள் இதைக் குறை சொல்ல முடியுமா?

"போதுமா ராபி? இல்ல ஊதிக் காட்டணுமா?"

"போடி. உன் ஷாம்பு நல்லா இருக்கேன்னு பாத்தேன்." ராபி முகம் சிவந்து, டெலியாவின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வாடி என் ராஜாத்தி! என்னடி இது, கிண்ணத்தை இப்படிக் கட்டிப் பிடிச்சிருக்கே, பச்சைக் குழந்தை மாதிரி?"

"இது அம்மாவோட கிண்ணம் பெரியம்மா. கீழ போட்டுடக் கூடாதுல்ல."

பதினோரு வயது டெலியா கனத்த கண்ணாடிக் கிண்ணத்தை மார்போடு அணைத்திருந்தாள். ஜெனெலின் கையில் இரண்டு ஜாடி பீன்ஸ்.

கிண்ணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நவம்பர் கடைசி வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங், நன்றி சொல்லும் பண்டிகை; அன்று அந்த வீட்டில் ஆளுக்கொரு பதார்த்தம். யாருக்கு எது என்று அவர்களுடைய அம்மா உயிரோடு இருந்த காலத்திலேயே பிரித்துக் கொடுத்துவிட்டாள். வான்கோழி அப்பாவுடையது. உருளைக்கிழங்கு மசியலும் கிரேவியும் ராபியுடையது. மாவுக்குள் ஆப்பிளை வைத்துச் சுடுகிற ஆப்பிள் பை டுவைட்டுடையது, ஆம்பிளை சுட்டாலும் அந்தத் தாலுகாவிலேயே அதுதான் நல்ல பை. பீன்ஸ் சாலட் ஜெனெலுடையது. வினிகர், சர்க்கரை, வெங்காயம், கோடையில் தன் கையால் ஜாடியில் அடைத்த பீன்ஸ், அம்மாவின் அந்தக் கண்ணாடிக் கிண்ணம். ஒருத்தருடைய பதார்த்தத்தில் இன்னொருத்தர் கை வைப்பது அந்த வீட்டில் லேசான விஷயமில்லை. ஜெனெல் குடித்துக்கொண்டிருந்த மூன்று வருஷமும் கிண்ணம் ராபியின் அலமாரிக்குப் போய்விட்டது. கடையில் வாங்கிய டின் பீன்ஸைக் கொட்டி ராபியே சாலட் செய்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

போன மாதம் ராபி கிண்ணத்தைப் பழைய துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஜெனெலின் புது வீட்டுக்கு வந்தாள். "இந்த வருஷம் நீயே செய்" என்று மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு ஜெனெல் அழுத அழுகை இருக்கிறதே, குழாயடியில் நின்று பாத்திரம் தேய்த்தபடி ஒரு மணி நேரம்.

கிண்ணம் திரும்பியாயிற்று. டெலியா திரும்ப இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. டிசம்பர் பத்தாம் தேதி நீதிபதி முன்னால் வழக்கு. டெலியா அதுவரை அவளுடைய அப்பா கர்ட்டிஸிடம்தான் இருந்தாள். அவன் மறுக்கவில்லை. விவாகரத்தானவன் என்றாலும் வன்மம் வைக்கிறவன் அல்ல. ஒரு வாரம் அவன் வீடு, ஒரு வாரம் ஜெனெல் வீடு. டெலியாவுக்கென்று தனி அறை வேண்டும் என்றார்கள், வாடகைக்கு எடுத்துவிட்டாள். குடியை விட்டு இருபத்தொரு மாதம், ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டுவிட்டாள்.

அந்தக் கையெழுத்தில்தான் ஒரு பொய் இருந்தது. ஒரே ஒரு நாள்.

சமையலறையில் நிற்க இடமில்லை. அடுப்புக்குள் வான்கோழி வெண்ணெய் வடிய வடிய வெந்துகொண்டிருந்தது. ஆர்லன் எழுபத்துநான்கு வயதில் கால்மணிக்கொரு தரம் கதவைத் திறந்து பார்த்து, ஒவ்வொரு தரமும் ராபியிடம் திட்டு வாங்கினார்.

"அப்பா, நீங்க தொறந்து தொறந்து பாத்தா அது நாளைக்குத்தான் வேகும்!"

"அடியே, நான் வான்கோழி சுட ஆரம்பிச்சப்ப நீ தொட்டில்ல கெடந்த. உருளைக்கிழங்கப் பாரு நீ."

"தாத்தா, அதுக்குக் குளிருதாம், மூடுங்க!" என்றாள் டெலியா. கிழவர் சிரித்தார். ஜெனெலும் சிரித்தாள். இந்தச் சிரிப்பு தனக்கு நிலைக்குமா என்ற பயம் உடனே வந்தது. நல்லது நடக்கும்போதெல்லாம் அவளுக்கு அப்படித்தான்.

ஜாடிகளைத் திறந்தாள். மூடிகள் நன்றாக இறுகியிருந்தன. கத்தி முனையால் நெம்பியதும் ப்சக் என்று காற்று உள்ளே போனது. வாடை ஒன்றுமில்லை, நிறமும் பச்சையாகவே இருந்தது. வெங்காயத்தை நறுக்கி வினிகரோடு கலந்து, கலக்குகிற வேலையை டெலியாவிடம் விட்டுவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போனாள். மூடிகள் மேடையிலேயே கிடந்தன.

மதியம் இரண்டு மணிக்கு மேஜை நிரம்பியது. உட்கார்ந்ததும் சாப்பிட்டுவிட முடியாது. முதலில் கோப்பை சுற்ற வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் ஒரு காய்ந்த மக்காச்சோள மணி இருக்கும். தகரக் கோப்பை கைமாறி வரும்போது ஆளுக்கொரு நன்றி சொல்லி மணியை உள்ளே போட வேண்டும். கோப்பை அப்பாவிடம் திரும்பிச் சேரும்வரை யாரும் கரண்டியைத் தொடக் கூடாது.

ஆர்லன் ஆரம்பித்தார். "என் ரெண்டு பொண்ணுங்களும் ஒரே மேஜைல உக்காந்திருக்கு. அதுக்கு." டங்.

"இந்த முழங்கால் இன்னும் ஒரு வருஷம் ஓடும்னு டாக்டர் சொன்னார். அதுக்கு" என்றான் டுவைட். "அப்புறம் என் பொண்டாட்டிக்கும். பட்டியல்ல ரெண்டாவதா."

"வீட்டுக்குப் போனதும் இருக்கு உனக்கு."

"இதான் வீடு."

"அப்ப இங்கயே இருக்கு." ராபி மணியைப் போட்டாள். "எல்லாரும் அவங்கவங்க பதார்த்தத்தோட வந்தீங்கள்ல, அதுக்கு." சொன்னபோது அவள் யாரையும் பார்க்கவில்லை.

டெலியா கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "அம்மா வீட்ல எனக்கு ரூம் கெடச்சதுக்கு. டிசம்பர் பத்துக்கு அப்புறம் நான் அதுல தூங்கப் போறேன். அதுக்கும்."

"ரெண்டு சொன்னா ரெண்டு மணி போடணும்" என்றான் டுவைட்.

"கடனா வச்சுக்கோங்க பெரியப்பா."

கோப்பை ஜெனெலிடம் வந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் டுவைட் குறுக்கே புகுந்தான். சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். தன் பீர் கிளாஸுக்கு அடியில் வைக்க ஏதோ தேடி, மேடையில் கிடந்த மூடியை எடுத்து வந்திருந்தான். அதைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தான்.

"அட! ஆகஸ்ட் பதினேழு! ராபி, நம்ம இருபத்தஞ்சாவது கல்யாண நாள்டி இது! ஜென், அன்னிக்குக் காய்ச்சல்னு சொல்லித்தானே நீ விருந்துக்கு வரல? நாங்க எல்லாம் கேக் வெட்டிட்டு இருக்கோம், நீ காய்ச்சலோட குந்தி பீன்ஸ் போட்டுட்டு இருந்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். மூடியில் கறுப்பு மையில் எழுதியிருந்தது ஜெனெலின் கையெழுத்துதான். கோணல் மாணலாக, எட்டு என்ற எண் கவிழ்ந்து படுத்திருந்தது.

"சாயந்திரம் கொஞ்சம் தேவலாம் ஆச்சு" என்றாள். அவள் காதுக்கே அந்தக் குரல் எங்கிருந்தோ வந்தது.

ஆகஸ்ட் பதினேழு. அன்று டெலியா வருவதாக இருந்தது. இருவரும் சேர்ந்து பீன்ஸ் அடைப்பதாகப் பேச்சு. அரை மூட்டை பீன்ஸ் வாங்கி, ஜாடிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். காலையில் டெலியா போன் செய்தாள்: "அப்பா ஏரிக்குக் கூட்டிட்டுப் போறார்மா, அடுத்த வாரம் வரட்டா?" "போய்ட்டு வாடி கண்ணு" என்றாள் ஜெனெல். வைத்துவிட்டு, காய்ச்சல், விருந்துக்கு வர முடியாது என்று ராபியிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். அதற்குப் பிறகு அவளுக்கு நினைவிருந்தது மறுநாள் காலைதான். சமையலறைத் தரையில் கண் விழித்தாள். மேஜையில் துண்டு விரித்து ஏழு ஜாடிகள் வரிசையாக, மூடி இறுகி, தேதி போட்டு நின்றன. ஜாடிகளை உள்ளே வைத்து வேகவைக்கிற பெரிய பிரஷர் குக்கர் அடுப்பின்மேல் ஆறிக் கிடந்தது. அதன் வெயிட் எங்கே என்று தேடினாள். மேஜை இழுப்பறைக்குள், துணியில் சுற்றி, வைத்த இடத்திலேயே இருந்தது.

வெயிட் போடாத குக்கரில் ஆவி வரும், அழுத்தம் வராது. ஜாடி கொதிக்கும், மூடியும் இறுகும், பார்க்க எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். ஊறுகாய்க்கு அது போதும், தக்காளிக்குக்கூடப் போதும். பீன்ஸுக்குப் போதாது. காற்றுப் புகாத ஜாடிக்குள் பீன்ஸில் ஒரு விஷம் வளரும். அதற்கு வாடை கிடையாது, ருசியும் கிடையாது. தின்றவர்களுக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து இமை தொங்கும், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், பிறகு நாக்கு குழறி, கடைசியில் மூச்சு. பின்னால் ஊற்றுகிற வினிகர் அதை ஒன்றும் செய்யாது. அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு நடக்கக் கற்ற நாளிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்க்கிற பாடம் இது. ஜெனெலின் அம்மா அடுப்படியில் நின்று கத்திய முதல் கத்தலே "வெயிட்டைப் போட்டியாடி?" என்பதுதான்.

போட்டு, எடுத்து, துடைத்து வைத்தாளா? போடவே இல்லையா? அவளுக்குத் தெரியாது. அன்றே கொட்டியிருக்க வேண்டும். கொட்ட வேண்டுமானால் அந்த ஏழு ஜாடிகளையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டுமே! அலமாரியின் அடித்தட்டில் பின்னுக்குத் தள்ளிவிட்டாள். அப்புறம் கொட்டிக்கொள்ளலாம் என்றிருந்தாள். அக்டோபரில் வீடு மாறினாள். டுவைட்டும் அவன் நண்பர்களும் பெட்டி கட்டினார்கள், செப்டம்பரில் நல்லபடியாக அடைத்த ஜாடிகளோடு இவையும் கலந்து வந்துவிட்டன. இன்று காலை டெலியாதான், "நான் எடுக்கறேன்மா!" என்று ஓடிப்போய் இரண்டை எடுத்து வந்தாள். இவள் மூடி இறுக்கத்தை மட்டும் தடவிப் பார்த்துப் பைக்குள் போட்டாள். தேதியைப் பார்க்கவில்லை. பாவி மகள், பார்க்கவேயில்லை!

"ஜெனெல், மணியப் போடுமா. வான்கோழி ஆறுது" என்றார் ஆர்லன்.

"நீங்க எல்லாரும் இருக்கீங்களே, அதுக்கு" என்று மணியைப் போட்டாள். அது கோப்பையின் விளிம்பில் பட்டுத் தரையில் உருண்டது. யாரும் எடுக்கவில்லை.

"முதல்ல ஜெனெல் சாலட்தான் சுத்தணும்" என்று ராபி கிண்ணத்தைத் தூக்கி அப்பாவிடம் கொடுத்தாள். மரியாதைக்காகச் செய்தாள், பாவம். ஆர்லன் கரண்டியை உள்ளே விட்டார்.

ஜெனெல் எழுந்து கிண்ணத்தைப் பிடுங்கினாள். பிடுங்கியதைக் கீழே விட்டாள். அம்மாவின் கிண்ணம் தரையில் பட்டு வெடித்தது. பீன்ஸும் வெங்காயமும் வினிகரும் கண்ணாடித் துண்டுகளும் எல்லார் காலடிக்கும் ஓடின.

ராபியின் கண் அவள் முகத்துக்கு வந்தது. அந்தப் பார்வையை ஜெனெல் நன்றாக அறிவாள்.

"கை வழுக்கிடுச்சு" என்றாள். "தொடாதீங்க யாரும், கண்ணாடி. நானே வழிக்கறேன்."

உள்ளுக்குள் அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. கிண்ணம் போனால் போகட்டும். குடித்திருக்கிறாள் என்று சந்தேகப்பட்டால் படட்டும், ஊதிக் காட்டலாம், ரத்தம் வேண்டுமானாலும் கொடுக்கலாம், இன்றைக்கு ஒன்றும் இருக்காது. யாரும் தின்னவில்லை. மிச்சமிருக்கிற ஐந்து ஜாடியையும் இன்று சாயங்காலமே குழி தோண்டிப் புதைத்துவிட்டால் ஆகஸ்ட் பதினேழு என்று ஒரு நாளே கிடையாது.

"போச்சா? எல்லாம் போச்சா?" டெலியாவுக்கு அழுகை வந்துவிட்டது. "எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமாம்மா! நான் கலக்கறப்ப ஒரு கப் நெறைய எடுத்துச் சாப்ட்டேன். உனக்குத் தெரியாம. ராபி பெரியம்மா செய்யறத விட நல்லா இருந்துச்சு."

"அடிப்பாவி, என் முகத்துக்கு நேராவே சொல்றா பாரு!" என்றாள் ராபி. சிரிப்பு திரும்ப வந்தது. டுவைட் துடைப்பம் எடுக்கப் போனான். ஜெனெல் முட்டிக்கால் போட்டுக் கண்ணாடி பொறுக்கினாள். விரலில் ரத்தம் வந்தது கூடத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் வான்கோழி தின்றாள், உருளைக்கிழங்கு தின்றாள், ஆப்பிள் பை தின்றாள். எதுவும் நாக்கில் ஏறவில்லை. டெலியாவின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமை சரியாக இருந்தது. இருக்கத்தானே செய்யும்? இன்னும் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. நாளை வரும். நாளை மறுநாள் வரும். ஐந்து மணிக்குக் கர்ட்டிஸ் வந்து கூட்டிப்போவான். நாளைக்குப் பிள்ளை "ரெண்டா தெரியுதுப்பா" என்றால் அவன் என்ன நினைப்பான்? தூக்கக் கலக்கம், டிவி ரொம்பப் பார்த்தாய் என்பான். படுக்கப் போ என்பான்.

வராமலும் போகலாம். அதையும் நினைத்தாள். மறைப்பானேன், அதையே ரொம்ப நேரம் நினைத்தாள். வெயிட் போட்டிருக்கலாம். போடாவிட்டாலும் எல்லா ஜாடியிலும் விஷம் வந்துவிடுமா என்ன? நூறு ஜாடியில் ஒன்று. ஆயிரத்தில் ஒன்று. அந்த ஒன்றுக்காகப் பெற்ற பிள்ளையைத் தன் வாயாலேயே தொலைப்பதா?

பாத்திரம் கழுவும்போது ராபி பக்கத்தில் வந்து நின்றாள். துண்டால் ஒரு தட்டைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"கிண்ணம் ஒடஞ்சப்ப நான் உன்னத் தப்பா நெனச்சேன்டி. ஒரு நிமிஷம்."

"தெரியும்."

"வாசல்லயே மோந்து பாத்தேன், ஒண்ணும் இல்ல. அப்புறமும் நெனச்சேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்." தட்டை வைத்தாள். "உன் வக்கீல் என்கிட்ட ஒரு கடிதம் கேட்டாரு. நான் இழுத்தடிச்சிட்டு இருந்தேன். இன்னிக்கு ராத்திரியே எழுதறேன். என் தங்கச்சி சுத்தமா இருக்கான்னு எழுதறேன். கோர்ட்டுக்கு வரச் சொன்னா வந்தும் சொல்றேன்."

ஜெனெல் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டே நின்றாள். "தேங்க்ஸ் ராபி" என்றாள்.

ஐந்து அடிக்கக் கர்ட்டிஸின் கார் வந்து நின்றது. அவன் உள்ளே வரமாட்டான், வாசலிலேயே நின்று ஆர்லனுக்குக் கை கொடுப்பான். டெலியா கோட்டு மாட்டிக்கொண்டு, டுவைட் பொட்டலம் கட்டிக் கொடுத்த பையோடு வெளியே ஓடினாள். ஜெனெலும் பின்னாலேயே போனாள். குளிரில் கோட்டுக்கூடப் போடவில்லை.

"கர்ட்டிஸ், ஒரு நிமிஷம்."

"சொல்லு."

"டெலியா மத்தியானம் பீன்ஸ் சாப்ட்டா. நான் ஜாடில போட்டது. அது சரியா வேகாம இருந்திருக்கலாம்னு இப்பத்தான் தோணுது. ஆஸ்பத்திரில காட்டிடு. கண்ணு, இமை எல்லாம் பாக்கச் சொல்லு. பொட்டுலிசம்னு சொன்னா அவங்களுக்குத் தெரியும்."

கர்ட்டிஸும் அந்த ஊர்க்காரன்தான். அந்தச் சொல்லைக் கேட்டதும் முகம் வெளுத்தது. "சரியா வேகலன்னா? வெயிட் போடலையா?"

"மறந்திருப்பேன்னு நெனைக்கறேன். ஆகஸ்ட்ல. அன்னிக்கு எனக்குக் காய்ச்சல்."

வாய் சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. ஒன்பது வருஷக் குடித்தனத்தின் கடைசி மூன்று வருஷத்தில் அந்த வீட்டில் காய்ச்சல் என்றால் காய்ச்சல் இல்லை. வேலைக்குப் போகாத அன்று முதலாளிக்குச் சொன்னது காய்ச்சல். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிவரப் போகாத அன்று டீச்சருக்குக் காய்ச்சல். பாத்ரூமில் விழுந்து கிடந்த அன்று அக்கம்பக்கத்துக்குக் காய்ச்சல். கர்ட்டிஸ் அவளையே பார்த்தான். தாடை இறுகியது.

"ஆமாப்பா" என்றாள் டெலியா.

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முகத்தில் ஒரு சுருக்கமில்லை.

"நிஜமாவே காய்ச்சல்ப்பா. நாம ஏரில இருந்தப்ப நான் அம்மாவுக்குப் போன் பண்ணேன், நீங்க படகுல இருந்தீங்க. நூத்தி ரெண்டு டிகிரின்னு சொன்னாங்க. இருமிட்டே இருந்தாங்க. தொண்டை கட்டியிருந்துச்சு."

டெலியா போனே செய்யவில்லை. அந்த நூற்றிரண்டு டிகிரி எங்கிருந்து வந்தது, அந்த இருமல் எங்கிருந்து வந்தது? எங்கிருந்து வரும்? ஜெனெல் கற்றுக்கொடுத்ததுதான். ஏழு வயதில் ஸ்டூல் போட்டு ஏற்றி, ரிசீவரைக் காதில் வைத்து, "அம்மாவுக்குக் காய்ச்சல், நூத்தி ரெண்டு டிகிரின்னு சொல்லுடி செல்லம்" என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை மறக்கவில்லை. அதே நிதானம், அதே கண் கொட்டாத முகம்.

கர்ட்டிஸின் தாடை தளர்ந்தது. மகள் சொன்னால் அவன் நம்புவான். "சரி" என்றான். "காய்ச்சல்ல யாராவது இதெல்லாம் செய்வாங்களா ஜெனெல்? சரி, நேரா ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிட்டுப் போறேன். ஏறுடி."

அவ்வளவுதான், முடிந்துவிட்டது. வைத்தியமும் கிடைத்துவிடும், ஆகஸ்டும் புதைந்துவிடும். டெலியா காரில் ஏறப் போகுமுன் அம்மாவைத் திரும்பிப் பார்த்து லேசாக, யாருக்கும் தெரியாமல், சிரித்தாள். சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற சிரிப்பு. வாழ்நாளில் அவ்வளவு அசிங்கமாக அவள் தன்னை உணர்ந்ததில்லை, தரையில் கண் விழித்த அன்றுகூட.

"காய்ச்சல் இல்ல" என்றாள்.

"அம்மா!"

"காய்ச்சல் இல்ல கர்ட்டிஸ். குடிச்சேன். ஒரு முழு பாட்டில். வெயிட் போட்டேனா போடலையான்னு எனக்குத் தெரியவே தெரியாது. அவ போன் பண்ணல. அவ பொய் சொல்றா. நான் பழக்கினதுதான், அவளத் திட்டாத."

வாசற்படியில் நின்றிருந்த ராபியின் காதிலும் அது விழுந்தது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் டெலியாவைப் படுக்க வைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நர்ஸ் வந்து விரலை அசைப்பாள், டெலியா கண்ணால் தொடர்ந்து பார்ப்பாள். கண்ணை இறுக மூடச் சொல்வாள், தண்ணீர் விழுங்கச் சொல்வாள், ஒன்றிலிருந்து பத்துவரை சத்தமாக எண்ணச் சொல்வாள். வெள்ளிக்கிழமை முழுக்க எண்ணினாள். சனிக்கிழமை காலையில் டாக்டர் வந்து இதுவரை ஒன்றும் தெரியவில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போகலாம், ஒரு வாரம் கண்ணில் வைத்துப் பாருங்கள் என்றார். மிச்சமிருந்த ஐந்து ஜாடிகளையும் சுகாதார அலுவலகத்துக்காரர்கள் வந்து கொண்டுபோயிருந்தார்கள். சோதனை முடிவு எப்போது வரும் என்று கேட்டாள் ஜெனெல். டிசம்பர் நடுவில் என்றார்கள்.

கர்ட்டிஸ் நடைபாதையில் காபியோடு நின்றிருந்தான். "என் வக்கீலுக்குச் சொல்லிட்டேன். சொல்லித்தான் ஆகணும்."

"சொல்லு."

"அவரு இனி வாரம் எல்லாம் கெடையாதுங்கறார். மாசம் ஒரு தடவை, யாராவது கூட இருந்து. அதுவும் நீதிபதி ஒத்துக்கிட்டா." அவன் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு இதுல சந்தோஷம் இல்ல ஜெனெல்."

"தெரியும். உள்ள போய் அவளப் பாத்துட்டுப் போறேன். அஞ்சு நிமிஷம்."

டெலியா கட்டிலில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். அம்மா வந்தது தெரிந்தும் நிமிரவில்லை. ஒரு ஷூவைக் கட்டி முடித்து, அடுத்ததை எடுத்தாள்.

"அப்பா நம்பிட்டாரு" என்றாள்.

"ம்."

"நான் நல்லாத்தானே சொன்னேன்? நீ சும்மா இருந்திருந்தா போதும். ஆஸ்பத்திரிக்கும் வந்திருப்போம். ரூமும் இருந்திருக்கும். நான்தான் அந்த ஜாடிய எடுத்தேன், நான்தான் தின்னேன், நானே சரி பண்ணிட்டேன். நீ ஏம்மா கெடுத்த?" அவள் குரல் உடைந்தது. ஷூவைக் கீழே எறிந்தாள். "நான் நல்லாத்தானே சொன்னேன்!"

ஜெனெல் குனிந்து ஷூவை எடுத்தாள். மகளின் காலை மடியில் வைத்து மாட்டிவிட்டாள். நாடாவைக் கட்டினாள், இரண்டு தரம் அவிழ்ந்தது.

"ரொம்ப நல்லா சொன்னடி" என்றாள். "அதனாலதான்."